ஸைப்ரஸ் மலையில் ஒரு நாள்

"ஸபாரி" என்ற சொல்லைக் கேட்டால் என் நினைவுக்கு வருவது காடும் சிங்கமும் அல்ல. எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய தலைமை ஆசிரியர் வருஷம் முழுவதும் அணிந்துகொண்டிருந்த சாம்பல் நிற உடுப்புத்தான். ஆகவே, சென்ற மே மாதக் கடைசியில் என் தம்பி, "அண்ணா! நாளைக்கு நாம் இருவரும் ஜீப் ஸபாரி போகிறோம், பணம் கட்டியாகிவிட்டது" என்று சொன்னபோது, எனக்கு உற்சாகம் பிறக்கச் சிறிது நேரம் ஆயிற்று.

தம்பி ஸைப்ரஸ் தீவில் லிமஸோல் என்னும் துறைமுகப் பட்டணத்தில் கப்பல் கம்பெனி உத்தியோகத்தில் இருக்கிறான். பத்து வருஷமாக என்னை "வா, வா" என்று அழைத்துக்கொண்டிருந்தான். நானும் பத்து வருஷமாகப் பரீட்சைக் காகிதங்களைச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் கோடை விடுமுறையில் என் சாக்குகள் தீர்ந்துவிட்டன. விமானம் ஏறிவிட்டேன்.

ஸைப்ரஸ் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. மொத்தப் பரப்பு 9,251 சதுர கிலோமீட்டர். நம்முடைய பழைய பெரிய ஜில்லா ஒன்றின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு சிறிய தீவின்மேல் ஆசைப்படாத ராஜ்யம் அந்தப் பக்கத்தில் இருந்ததில்லை. அதற்கு ஒரு காரணம் செம்பு. ரோமாபுரியார் செம்பை "ஸைப்ரஸ் உலோகம்" என்றே அழைத்தார்கள். 'காப்பர்' என்ற இங்கிலீஷ்ப் பெயர் அதிலிருந்து வந்ததுதான். வெனிஸ் நகரத்தார் 1489 முதல் 1571 வரை தீவை ஆண்டார்கள். பிறகு துருக்கியர் முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார்கள். 1878-ல் இங்கிலீஷ்காரர் வந்தார்கள். 1960 ஆகஸ்டு 16-ந் தேதி தீவு சுதந்திரம் அடைந்தது.

"வெள்ளைக்காரர்கள் இங்கே மூன்று விஷயங்களை விட்டுப் போனார்கள், அண்ணா! சாலையில் இடது பக்கம் வண்டி ஓட்டுவது ஒன்று; மூன்று முனை மின்சாரப் பிளக்கு ஒன்று; 254 சதுர கிலோமீட்டரில் இரண்டு ராணுவத் தளங்கள்" என்றான் தம்பி.

"மூன்றாவதை விட்டுப் போகவில்லையடா, வைத்துக்கொண்டார்கள்" என்று திருத்தினேன். உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷம் கழித்தவனுக்கு வேறு என்ன பழக்கம் இருக்கும்?

* * *

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பாபோஸ் பட்டணத்தில் ஜீப் வந்து நின்றது. எங்களோடு ஒரு ஜெர்மானியத் தம்பதியும், வயதான ஓர் இங்கிலீஷ்த் தம்பதியும் ஏறிக்கொண்டார்கள். வண்டியோட்டியே வழிகாட்டி. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர். வெயிலில் காய்ந்த முகம், நரைத்த மீசை. பாடம் நடத்துவதைப் போல நிறுத்தி நிதானமாக இங்கிலீஷ் பேசினார்.

நாங்கள் இந்தியர்கள் என்று அறிந்ததும், "திம்மய்யா!" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. தம்பிதான், "லார்னகா விமான நிலையத்திலிருந்து வந்தபோது அந்தப் பட்டணத்தில் ஜெனரல் திம்மய்யா பெயரில் ஒரு பெரிய சாலை இருக்கிறது என்று சொன்னேனே" என்று ஞாபகப்படுத்தினான். குடகு நாட்டில் பிறந்து, 1957 முதல் 1961 வரை இந்தியத் தரைப்படையின் தலைவராயிருந்த அதே திம்மய்யாதான். 1964-ல் ஐக்கிய நாடுகளின் சமாதானப் படைக்குத் தலைவராக இந்தத் தீவுக்கு வந்தார். 1965 டிசம்பர் 18-ல் இங்கேயே காலமானார்.

"என் தகப்பனார் அவரைப் பார்த்திருக்கிறார். இரண்டு பக்கத்தாரும் மரியாதை வைத்திருந்த மனிதர் என்று சொல்வார்" என்றார் வழிகாட்டி. அந்த "இரண்டு பக்கத்தார்" என்ற சொல்லை அப்போது நான் கவனிக்கவில்லை.

பட்டணத்தை விட்டுச் சில மைல் போனதும் தார் ரோடு முடிந்தது. பிறகு எங்கள் எலும்புகளின் பரீட்சை ஆரம்பமாயிற்று. கரிசல் காட்டில் மழைக்குப் பிறகு மாட்டு வண்டியில் போனவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும். ஜீப் ஒரு சக்கரத்தால் பள்ளத்தில் இறங்கி, மூன்று சக்கரங்களால் மேட்டில் ஏறியது. ஜெர்மானிய அம்மாள் ஒவ்வொரு குலுக்கலுக்கும் சிரித்தாள். நான் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சிரிப்பதைப் போன்ற முகத்துடன் இருந்தேன்.

க்ஸெரோஸ் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாகப் போனோம். கிரேக்க மொழியில் 'க்ஸெரோஸ்' என்றால் 'வறண்டது' என்று பொருளாம். பாலாற்றைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த ஆறு அந்நியமாகத் தோன்றவில்லை. மணலும் கூழாங்கல்லும், நடுவே நூலாக ஓடும் தண்ணீரும், இரு கரையிலும் இளஞ்சிவப்பு அரளிப் பூவுமாகக் கிடந்தது. ஆள் அரவமே இல்லாத ஓர் இடத்தில் ரூடியா பாலம் இருக்கிறது. ஆற்றின் குறுக்கே ஒரே வளைவாகக் கட்டிய கல் பாலம். வெனிஸ் நகரத்தார் காலத்தது என்று சொல்லுகிறார்கள். மலையிலிருந்து விளைபொருள்களை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போன ஒட்டகங்கள் இந்த வழியாகத்தான் போயினவாம். ஆண்டவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். பாலம் மட்டும், நடப்பவர்கள் இல்லாவிட்டாலும், தன் கடமையை விடாமல் நின்றுகொண்டிருந்தது.

* * *

அங்கிருந்து பாபோஸ் வனத்துக்குள் ஏறினோம். பைன் மரங்களின் பிசின் வாசனை நெஞ்சு நிறைய வந்தது. தீவின் தேசிய மரமான பொன் கருவாலி மரத்தை வழிகாட்டி காட்டினார். இலையின் மேற்புறம் பச்சை. திருப்பிப் பார்த்தால் பொன் பூசினது போல் இருக்கிறது. கடைசியில் தேவதாரு மரங்களின் பள்ளத்தாக்கு வந்தது. ட்ரிபிலோஸ் சிகரத்தைச் சுற்றி, 1,362 மீட்டர் உயரம் வரையில் நிற்கும் இந்தத் தேவதாரு, லெபனான் தேசத்துத் தேவதாருவுக்குத் தம்பி முறை. இதன் ஊசி இலை மிகக் குட்டையானது. உலகத்தில் வேறெங்கும் இது தானாக முளைப்பதில்லை. இந்தக் காட்டில் மட்டுமே வளருகிறது. கிளைகள் தட்டுத் தட்டாகப் படர்ந்து, கோயில் உற்சவத்தில் அடுக்குக் குடை பிடித்தாற்போல் இருந்தன.

திரும்பும் வளைவில் வழிகாட்டி சட்டென்று வண்டியை நிறுத்தினார். மேட்டில் ஒரு காட்டு ஆடு நின்றது. முறுக்கிய கொம்பும், செந்தவிட்டு நிறமும், எங்களைப் பொருட்படுத்தாத பார்வையும் கொண்ட ஆட்டுக் கடா அது. இரண்டு விநாடி நின்றது. மூன்றாவது விநாடியில் காணோம். இதற்கு 'அக்ரினோ' என்று பெயர். 1930-களில் விரல்விட்டு எண்ணுகிற நிலைக்கு வந்துவிட்டதாம். 1939-ல் இந்த வனத்தில் வேட்டையைத் தடுத்த பிறகு மெல்ல மெல்லப் பெருகியது.

வழிகாட்டி சட்டைப் பையிலிருந்து ஐந்து ஸென்ட் காசு ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் அதே ஆடு! "2008-ல் எங்கள் ஊருக்கு யூரோ நாணயம் வந்தது. சின்னக் காசுகளில் இந்த ஆடு இருக்கிறது. பெரிய காசுகளில், இந்த ஜில்லாவில் பொமோஸ் என்ற ஊரில் கிடைத்த கல் பொம்மை இருக்கிறது, அதற்கு வயது ஐயாயிரம்" என்று ஒரு யூரோ காசையும் காட்டினார்.

"நடுக் காசுகளில்?" என்று கேட்டேன்.

"சாயங்காலம் சொல்லுகிறேன்" என்றார்.

* * *

மத்தியானம் பனாயியா என்ற மலைக் கிராமத்தில் சாப்பாடு. நான் சைவம் என்பதால் தம்பி கவலைப்பட்டுக்கொண்டிருந்தான். ஆனால், எண்ணெயும் எலுமிச்சம் பழமும் பிழிந்த காராமணி வந்தது. சுட்ட ஹலூமிப் பாலாடைக் கட்டியும், ஆலிவ்க் காயும், ரொட்டியும் வந்தன. வீட்டில் சாப்பிடுவதற்கு மேலாகவே சாப்பிட்டேன். பிறகு காபி. சின்னக் கிண்ணத்தில், வண்டல் அடியில் நிற்க, ஒரு டம்ளர் தண்ணீருடன் கொடுக்கிறார்கள். இந்தக் காபிக்கு முன்பு 'துருக்கிக் காபி' என்று பெயர். 1974-க்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல மனமில்லாமல் 'ஸைப்ரஸ் காபி' என்று மாற்றிக்கொண்டார்கள். ருசி மாறவில்லை என்றார் கடைக்காரக் கிழவர்.

அந்தக் கிராமத்தில்தான் 1913-ல் ஓர் ஏழை இடையரின் குமாரராக மக்காரியோஸ் பிறந்தார். ஆடுமாடுகளும் மனிதர்களும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த அந்தக் கல் வீட்டை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அந்தப் பையன் துறவியாகி, பேராயராகி, இங்கிலீஷ்காரரை எதிர்த்ததற்காக 1956-ல் ஸெஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1960-ல் சுதந்திர ஸைப்ரஸின் முதல் ஜனாதிபதியானார். இங்கிலீஷ்த் தாத்தா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "என் தகப்பனார் 1957-ல் இங்கே சிப்பாயாக இருந்தார். ஒன்றும் சொன்னதே இல்லை" என்றார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் நான் என் புத்தியைக் காட்டினேன். சரித்திர உபாத்தியாயர் அல்லவா? விவரம் எல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். தீவில் கிரேக்கர் நூற்றுக்குச் சுமார் எண்பது பேர். துருக்கியர் சுமார் பதினெட்டுப் பேர். கிரேக்கரில் பலர் கிரீஸுடன் சேர விரும்பினார்கள். துருக்கியரில் பலர் தீவைப் பங்கு போட விரும்பினார்கள். சுதந்திரம் வந்து நான்கு வருஷம் முடிவதற்குள், 1963 டிசம்பரில், இரத்தம் சிந்திற்று. 1974 ஜூலை 15-ல் கிரீஸின் ராணுவ ஆட்சியாளர்கள் தூண்டி விட்ட கலகம் மக்காரியோஸைக் கவிழ்த்தது. ஐந்தாம் நாள், ஜூலை 20-ல், துருக்கிப் படை வடகரையில் இறங்கியது. ஆகஸ்டு முடிவதற்குள் தீவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள் வசமாயிற்று. வடக்கே இருந்த கிரேக்கர் 1,50,000 பேருக்கு மேல் தெற்கே ஓடி வந்தார்கள். தெற்கே இருந்த துருக்கியர் 40,000 பேருக்கு மேல் வடக்கே போனார்கள். இத்தனையும் தெரிந்துகொண்டு, ஒரு மார்க்குக் கேள்வி கேட்பதைப் போல வழிகாட்டியைக் கேட்டேன்:

"இந்தச் சண்டையை முதலில் ஆரம்பித்தவர்கள் யார்?"

அவர் காபிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு எல்லாரையும் பார்த்து, "நம் அட்டவணையில் இல்லாத ஓர் இடம் இருக்கிறது. இருபது நிமிஷம் ஆகும். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை.

* * *

அந்த ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுத வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டார். பாபோஸ் மலைகளில் அப்படிப்பட்ட ஊர்கள் பல இருக்கின்றன. மண் பாதையில் இரண்டு மலையைச் சுற்றிக்கொண்டு போனோம். ஒரு திருப்பத்தில் மசூதியின் கோபுரம் தெரிந்தது. அதைச் சுற்றிக் கூரை இல்லாத வீடுகள். கல் சுவர்கள் நிற்கின்றன. உள்ளே அத்தி மரம் முளைத்து ஜன்னல் வழியாகக் கிளை நீட்டியிருக்கிறது. நாய் குரைக்கவில்லை, கோழி கூவவில்லை. 1975-க்குப் பிறகு அங்கே மனிதர் குடியிருக்கவில்லை. ஊரே துருக்கியர் ஊர், ஊரோடு போய்விட்டார்கள்.

நீண்ட கட்டடம் ஒன்றைக் காட்டி, "பள்ளிக்கூடம்" என்றார் வழிகாட்டி. உள்ளே போனேன். ஓடுகள் விழுந்து தரையில் நொறுங்கிக் கிடந்தன. எதிர்ச் சுவரில் கரும்பலகை இருந்த இடம் மட்டும் நீள் சதுரமாக நிறம் மாறியிருந்தது. வழக்கம் காரணமாக என் கால்கள் தாமாகவே அதன் முன்னே போய் நின்றன. திரும்பிப் பார்த்தேன். எதிரே பெஞ்சுகள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் முட்செடி. என் இருபது வருஷத்து உத்தியோகத்தில் அவ்வளவு நிசப்தமான வகுப்பை நான் கண்டதில்லை.

வெளியே வந்தபோது வழிகாட்டி ஒரு முசுக்கட்டை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். பட்டுப் புழுவுக்கு இலை போடுகிறார்களே, அந்த மரந்தான். கறுப்புப் பழம் மரம் நிறையப் பழுத்து, தரையெல்லாம் மையைக் கொட்டினது போல் கறை. அவர் ஒரு டப்பாவில் பழம் பறித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் ஆறு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"என் ஊர் வடகரையில் உள்ள கிரீனியா. 1974-ல் எனக்கு ஆறு வயது. இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்து என் தாயார் எலுமிச்சை மரத்துக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுப் புறப்பட்டாள். பிறகு இருபத்தொன்பது வருஷம் நாங்கள் அந்தப் பக்கம் போக முடியவில்லை. 2003 ஏப்ரலில் எல்லையைத் திறந்தார்கள். என் தாயாரை அழைத்துக்கொண்டு போனேன். எங்கள் வீட்டில் ஒரு துருக்கிப் பாட்டி இருந்தாள். எங்களைப் பார்த்த உடனே யார் என்று தெரிந்துகொண்டாள். நான் சண்டை போடுவதற்குத் தயாராகப் போயிருந்தேன், ஸார். அவள் உள்ளே கூப்பிட்டுக் காபி போட்டுக் கொடுத்தாள். என் தாயார் ஒன்றும் பேசாமல் கொல்லைப் பக்கம் போனாள். எலுமிச்சை மரம் இருந்தது. அடியில் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டிருந்தது. என் தாயார் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பாட்டி இந்த ஊர்க்காரி. இதோ, இந்த வீடு. எங்களை அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: 'என் வாசலில் ஒரு முசுக்கட்டை மரம் உண்டு, இருக்கிறதா?' எனக்குத் தெரியவில்லை. இந்த ஜில்லாவில் முப்பது வருஷம் வாழ்ந்தவன். இங்கே வந்து பார்த்ததில்லை. அடுத்த வாரம் வந்தேன். பிறகு ஒவ்வொரு வருஷமும் பழம் பழுக்கும்போது ஒரு டப்பா பறித்துக்கொண்டு போய்க் கொடுப்பேன். அவள் எலுமிச்சம் பழம் ஒரு பை கொடுத்தனுப்புவாள். இப்போது அவளும் இல்லை, என் தாயாரும் இல்லை. அவளுடைய மகள் இருக்கிறாள். அவளுக்குத்தான் இது."

அவர் டப்பாவை மூடினார். என்னைப் பார்த்து, "நீங்கள் கேட்டீர்களே, யார் ஆரம்பித்தது என்று. என் பெண்ணின் பாடப் புத்தகத்தில் அதற்கு ஒரு விடை இருக்கிறது. அந்த அம்மாளின் பேரன் படிக்கும் புத்தகத்தில் வேறு விடை இருக்கிறது. இரண்டையும் நான் படித்திருக்கிறேன். மழைக்காலத்துக்கு முன்னால் இந்த மரத்துக்கு யார் தண்ணீர் விடுவது என்பது இரண்டிலும் இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் சுட்டது.

* * *

பாபோஸுக்கு இறங்கி வரும்போது சூரியன் கடலில் மூழ்கிக்கொண்டிருந்தது. வழி முழுதும் நான் பேசவில்லை. திம்மய்யாவைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். 1947-ல் பஞ்சாபில் அகதிக் கூட்டங்களைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர்களில் அவர் ஒருவர். அங்கே பார்த்ததை மறப்பதற்குள், பதினேழு வருஷம் கழித்து, இந்தத் தீவிலும் அண்டை வீட்டாருக்கு நடுவே நிற்க வேண்டி வந்ததே! தமிழ்நாட்டில் பிறந்த எனக்குப் பிரிவினை என்பது பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கம். தேதியையும் எண்ணிக்கையையும் சொல்லி, "அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவதே என் வழக்கம்.

இறங்கும்போது வழிகாட்டியிடம், "நடுக் காசு?" என்று ஞாபகப்படுத்தினேன். அவர் இருபது ஸென்ட் காசு ஒன்றை என் கையில் வைத்தார். அதில் ஒரு பாய்மரக் கப்பல். கிரீனியாவுக்குப் பக்கத்தில், கிறிஸ்துவுக்கு முன் 300-ஆம் ஆண்டு வாக்கில் மூழ்கிய வணிகக் கப்பல் அது. 1965-ல் கடலுக்கடியில் கண்டுபிடித்தார்கள். சுமார் 400 ஜாடிகளும், ஆயிரக்கணக்கான வாதுமைக் கொட்டைகளும் அதில் இருந்தன. அந்தக் கப்பலை இன்றும் கிரீனியாக் கோட்டையில் வைத்திருக்கிறார்கள். அதாவது, கப்பல் வடக்கே இருக்கிறது. கப்பல் பொறித்த காசு தெற்கே செலாவணி ஆகிறது.

"என் ஊர்க் கப்பல். வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

* * *

ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்தது. ஒன்பதாம் வகுப்பில் அந்தக் காசைக் கைமாற்றிப் பார்க்கச் சொல்லி, கதையையும் சொன்னேன். பிறகு ஒரு கேள்வி கேட்டேன். "அரை மணியில் வீட்டை விட்டுப் போக வேண்டும், இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று நினைக்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?"

மார்க்கு உண்டா என்று முதலில் கேட்டார்கள். இல்லை என்றதும் நிஜமான பதில்கள் வந்தன. ஒருவன் பாட்டியின் மருந்து என்றான். ஒருவன் நாய்க்குட்டி என்றான். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "எங்கள் மல்லிகைக் கொடிக்குத் தண்ணீர் விடச் சொல்லிப் பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லிவிட்டுப் போவேன், ஸார்" என்றாள்.

"பக்கத்து வீட்டு அத்தை எங்கள் பக்கத்து மனுஷி இல்லையென்றால்?" என்றான் முன்வரிசைப் பையன் ஒருவன்.

அந்தப் பெண் யோசித்தாள். "கொடி அவர்களுடைய சுவர் மேலேயும்தானே படர்ந்திருக்கிறது!" என்றாள்.

அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. காசு என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. மறுபடியும் அந்தத் தீவுக்குப் போவேனோ, மாட்டேனோ, தெரியாது. மே மாதக் கடைசி வரும்போதெல்லாம் அந்தப் பழம் பழுத்திருக்குமே என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.